மேயரும் புத்தகமும் பால் விலையும் பேசும் வானொலி

நியூயார்க் நகரத்தின் டபிள்யூ.என்.ஒய்.சி. வானொலியில் வார நாட்களில் காலை பத்து மணி முதல் நண்பகல் வரை பிரையன் லேரர் நடத்தும் உரையாடல் நிகழ்ச்சியை, ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருந்தது. அரசியலும் புத்தகமும் அக்கம்பக்கத்து வாழ்க்கையும் ஒரே இரண்டு மணி நேரத்துக்குள், ஒரே நேயர் கூட்டத்தின் முன்னிலையில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பேசப்படுவதைத் தமிழில் நான் எந்த வானொலியிலும் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் நம்மவர்களுக்குப் பேசத் தெரியாததோ பேச விருப்பமில்லாததோ அன்று. அப்படிப்பட்ட பேச்சுக்கு இந்திய வானொலி விதிகள் இடமே வைக்கவில்லை. அந்த விதியைப் பற்றிச் சொல்வதற்கு முன்பு, இடம் கிடைத்த ஊரில் அந்தப் பேச்சு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

லேரர் 1989 முதல் இந்த நிகழ்ச்சியை நடத்தி வருகிறார். அமைப்பு எளிமையானது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதை அறிந்த செய்தியாளரையோ நகர மன்ற உறுப்பினரையோ நூலாசிரியரையோ அழைத்துச் சில நிமிடங்கள் பேசிவிட்டு, நேயர்களுக்குத் தொலைபேசி இணைப்பைத் திறந்துவிடுவார். அவர் அதைத் திறக்கும் விதத்தில்தான் நிகழ்ச்சியின் கலை இருப்பதாக நான் நினைக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள் என்று பொதுவாகக் கேட்டால், எல்லாவற்றைப் பற்றியும் கருத்து வைத்திருப்பவர்களே வரிசையில் முந்திக்கொள்வார்கள். ஆகவே அவர் பொதுவாகக் கேட்பதில்லை. வீட்டு வாடகைக் கட்டுப்பாடு பற்றிய பேச்சு என்றால், அந்தக் கட்டுப்பாட்டினால் கட்டடத்தைப் பழுதுபார்க்க முடியாமல் திண்டாடும் சிறிய வீட்டுக்காரர் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறாரா, அதே கட்டுப்பாடு இல்லாவிட்டால் இந்த நகரத்தை விட்டே போக வேண்டியிருந்திருக்கும் என்ற நிலையில் உள்ள குடித்தனக்காரர் யாராவது இருக்கிறாரா என்று இரு தரப்பையும் பெயர் சொல்லாத குறையாக அழைப்பார். தேர்தல் நேரத்தில், இரு வேட்பாளர்களுக்கு நடுவே இன்னும் முடிவெடுக்காதவர்களை மட்டும் அழைக்கச் சொல்வார். இப்படி அழைக்கப்படும்போது, தன் அனுபவத்துக்கு இங்கே இடம் இருக்கிறது என்பதை உணர்ந்து, வாழ்க்கையில் ஒருபோதும் வானொலியில் பேசாத மனிதர்கள் தொலைபேசியை எடுக்கிறார்கள். நீண்ட நாள் நேயர், முதல் முறையாக அழைக்கிறேன் என்று அமெரிக்க வானொலி நேயர்கள் தொடங்கும் அந்த வழக்கமான வாக்கியத்தில் ஒரு கூச்சமும் ஒரு பெருமிதமும் சேர்ந்து ஒலிப்பதை நான் எப்போதும் விரும்பிக் கேட்பேன்.

இத்தகைய நிகழ்ச்சிகளின் பின்னணி வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அழைப்பு முதலில் தொகுப்பாளரிடம் போவதில்லை. அதை எடுத்துப் பேசும் உதவியாளர், அழைப்பவர் எங்கிருந்து பேசுகிறார், என்ன சொல்லப் போகிறார் என்று இரண்டு கேள்விகளில் தெரிந்துகொண்டு, ஊரையும் பெயரையும் விஷயத்தையும் ஒரு வரியில் தட்டச்சு செய்து தொகுப்பாளரின் கணினித் திரைக்கு அனுப்புகிறார். காத்திருக்கும் அழைப்புகளில் எதை எப்போது எடுப்பது என்பதைத் தொகுப்பாளர் அந்த வரிகளைப் பார்த்து, பேச்சு போகும் திசைக்கு ஏற்ப முடிவு செய்கிறார். நேரடி அழைப்பு நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் சில வினாடித் தாமதத்துடன் ஒலிபரப்புவார்கள். யாராவது தகாத சொல்லைச் சொன்னால் அது வெளியே போகுமுன் ஒரு பொத்தானை அழுத்தி நீக்கிவிட முடியும். நேரடிப் பேச்சைப் பொதுமக்கள் கையில் கொடுத்தால் கட்டுப்பாடு போய்விடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். அந்த அச்சத்துக்கான விடை பல பத்தாண்டுகளாக ஒலிபரப்பு அறையிலேயே இருக்கிறது.

பில் டி பிளாசியோ மேயராக இருந்த காலத்தில், வெள்ளிக்கிழமை காலைகளில் அவரே நிகழ்ச்சிக்கு வந்து நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வழக்கம் இருந்தது. ஒரு மாநிலத்தின் முதல்வர் அல்லர் அவர்; ஆனாலும் எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு மாநகரத்தின் தலைவர் ஒவ்வொரு வாரமும் முன்கூட்டிக் கேள்வியைத் தெரிந்துகொள்ளாமல் பொதுமக்களுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தார் என்பது சிறிய விஷயம் அன்று. அழைத்தவர்கள் பெரிய கொள்கைகளைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நகராட்சிக் குடியிருப்பில் குளிர்காலத்தில் வெப்பமூட்டி வேலை செய்யாததைப் பற்றியும், சிறப்புத் தேவை உள்ள குழந்தைக்குப் பள்ளியில் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காததைப் பற்றியும், தம் தெருவில் மிதிவண்டித் தடம் போடுவது அல்லது போடாததைப் பற்றியும் கேட்டார்கள். மேயர் சிலவற்றுக்குக் கொள்கை அளவில் பதில் சொல்வார். சிலவற்றுக்கு, உங்கள் எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், எங்கள் அலுவலகத்திலிருந்து இன்றே பேசுவார்கள் என்பார். பேச்சு முழுவதையும் எழுத்து வடிவில் மேயர் அலுவலகமே வெளியிட்டது.

நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தை அறிந்தவர்களுக்கு இதில் என்ன புதுமை என்று தோன்றலாம். மனு வாங்குவதில் புதுமை இல்லை. மனு கொடுத்தவருக்குக் கிடைத்த பதிலை மற்றவர்கள் கேட்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கு ரசீது வருகிறது, சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டதாகத் தகவல் வருகிறது, அதன்பின் அது கொடுத்தவருக்கும் அந்தத் துறைக்கும் நடுவே உள்ள விஷயமாகச் சுருங்கிவிடுகிறது. வானொலியில் மேயர் சொன்ன வாக்கை நகரம் கேட்டிருக்கிறது. தொகுப்பாளர் குறித்து வைத்திருக்கிறார். அதே குறை உள்ள இன்னொரு குடியிருப்பைச் சேர்ந்தவர் அடுத்த வாரம் அழைத்து, போன வாரம் நீங்கள் சொன்னது எங்கள் கட்டடத்துக்கும் பொருந்துமா என்று கேட்க முடிகிறது. தனி மனிதரின் குறை, பலர் காதில் விழுந்தவுடன், அரசியலாகிறது. நான் அரசியல் என்று சொல்வது இதைத்தான். கட்சி எதுவாக இருந்தாலும் இது நடந்தாக வேண்டும்.

தேர்தல் வருகிறது என்றால் இந்த நிகழ்ச்சியில் முப்பது நாட்களில் முப்பது பிரச்சினைகள் என்ற வரிசை தொடங்கும். நாளுக்கு ஒரு பிரச்சினை. யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்ற ஓட்டப்பந்தய வர்ணனையை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த ஒன்றைப் பற்றி வேட்பாளர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள், அது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று பேசுவார்கள். 2021 ஜூனில் நியூயார்க் நகரத்தின் மேயர் வேட்பாளர்களைக் கட்சிகள் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில், விருப்ப வரிசைப்படி ஐந்து பேர் வரை வாக்களிக்கும் முறை முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டபோது, அந்த முறையை விளக்குவதற்கு நேயர்களின் கேள்விகளே பெரிதும் பயன்பட்டன. ஒருவருக்கு மட்டும் வாக்களித்துவிட்டு மற்ற இடங்களைக் காலியாக விட்டால் என்ன ஆகும் என்று ஒரு முதியவர் கேட்கும்போது, அந்தச் சந்தேகம் கேட்கத் தயங்கிய இன்னும் பலருக்கும் தீர்கிறது.

இந்த நிகழ்ச்சி செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 2007இல் நடந்தது. நேயர்கள் தம் தெருவில் நிற்கும் வாகனங்களை எண்ணி, அவற்றில் பெரிய எஸ்.யூ.வி. வாகனங்கள் எத்தனை என்று சொல்லும்படி லேரர் கேட்டுக்கொண்டார். பிறகு இன்னொரு முறை, தங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள மளிகைக் கடைக்குப் போய்ப் பால், பீர், லெட்யூஸ் கீரை ஆகிய மூன்றின் விலையைப் பார்த்து அனுப்பச் சொன்னார்கள். வந்த விலைகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒரே நகரத்தில் ஒரே பாலுக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் எவ்வளவு வேறுபட்ட விலை கொடுக்கிறார்கள் என்பது கண்கூடாகத் தெரிந்தது. ஒரு செய்தியாளர் தனியாக இதைச் செய்ய முயன்றால் மாதக்கணக்காகும். கேட்டுக்கொண்டிருந்தவர்கள், வீட்டிலிருந்து இறங்கிக் கடைக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் செய்தார்கள். ஒலிபரப்புத் துறைக்குத் தரப்படும் பீபாடி விருது அவ்வாண்டுக்கு இந்த நிகழ்ச்சிக்குக் கிடைத்தபோது, சமூகத்தைப் பிரிக்காமல் கட்டியெழுப்பும் வானொலி என்ற பொருள்பட அதைப் பாராட்டினார்கள். எத்தனையோ பாராட்டுரைகள் வெறும் அலங்காரமாக எழுதப்படுகின்றன. இது உள்ளதை உள்ளபடி சொன்ன பாராட்டு என்று எனக்குப் படுகிறது.

இந்த நிலையம் தொடக்கத்தில் நகராட்சிக்குச் சொந்தமாக இருந்தது என்பதும் இதன் இயல்புக்கு ஒரு காரணமாக இருக்கலாம். 1924 ஜூலை 8 அன்று மன்ஹாட்டனில் உள்ள நகராட்சிக் கட்டடத்திலிருந்து அதன் ஒலிபரப்பு தொடங்கியது. 1930களில் மேயராக வந்த ஃபியோரெல்லோ லா கார்டியா, வீண் செலவு என்று அதை மூட நினைத்தவர். பின்னர் அதன் பயனை உணர்ந்து தாமே ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களோடு பேசத் தொடங்கினார். 1945 ஜூலையில் செய்தித்தாள் விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, வீடுகளுக்குப் பத்திரிகை வராதபோது, குழந்தைகள் ஏமாறக் கூடாது என்று படக்கதைகளை அவரே வானொலியில் நடித்துப் படித்துக் காட்டினார். 1990களில் மேயராக இருந்த ரூடி ஜூலியானி நிலையத்தை விற்க முடிவு செய்தார். வணிக நிறுவனத்துக்குப் போய்விடாமல், அதை ஆதரித்து வந்த அறக்கட்டளையே 2 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அன்று முதல் நேயர்களின் நன்கொடை அதன் முக்கிய வருவாய்களில் ஒன்றாக இருக்கிறது. நன்கொடை கேட்கும் நாட்களில் நிகழ்ச்சிகளுக்கு நடுவே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அது சில நேரம் சலிப்பூட்டும் என்றாலும், கேட்பவர் கொடுத்தால்தான் நிலையம் நடக்கும் என்ற உறவை மறைக்காமல் வைத்திருப்பது நல்லது என்றே நினைக்கிறேன்.

2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் உச்சியில் இருந்த இந்த நிலையத்தின் பண்பலை ஒலிபரப்பி கோபுரத்தோடு சேர்ந்து போய்விட்டது. மத்திய அலைவரிசையில் ஒலிபரப்பு தொடர்ந்தது. சில தெருக்கள் தள்ளியிருந்த நகராட்சிக் கட்டடத்தில்தான் அப்போது நிலையம் இருந்தது. அந்த வாரங்களில் நகரத்து மக்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள ஒரு பொது இடம் வேண்டியிருந்தபோது, வழக்கமான அரட்டைக்கு அவர்கள் பல ஆண்டுகளாகப் பழகியிருந்த அதே தொலைபேசி எண் பயன்பட்டது. இக்கட்டு வந்த பிறகு இப்படி ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்க முடியாது.

புத்தகங்களுக்கு வருகிறேன். நம்மிடையே நூல் அறிமுகம் என்பது பெரும்பாலும் வாசகர்களை நோக்கியே பேசப்படுகிறது. படிக்கும் பழக்கம் இல்லாதவர் அதைத் தமக்கானது என்று எடுத்துக்கொள்வதில்லை. லேரரின் நிகழ்ச்சியில் நூலாசிரியர் வந்தால், அவருடைய நூலின் பொருளோடு வாழ்க்கையில் தொடர்புள்ளவர்களை அழைக்கச் சொல்வார்கள். குடியிருப்புகளை இடித்து நெடுஞ்சாலை போட்ட வரலாற்றைப் பற்றிய நூல் என்றால், பிராங்க்ஸில் அந்தச் சாலைக்கு அருகில் வளர்ந்து ஆஸ்துமாவோடு வாழ்கிறவர் பேசுவார்; வீட்டுப் பணியாளர்களின் உரிமையைப் பற்றிய நூல் என்றால், குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையிலிருந்து நடு இடைவெளியில் ஒருவர் அழைப்பார். நூலாசிரியர் பத்தாண்டு ஆராய்ந்து எழுதியதை, அழைப்பவர் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். சில நேரங்களில் அவர் நூலாசிரியரைத் திருத்துவதும் உண்டு. அந்த இடத்தில் நல்ல நூலாசிரியர்கள் வாயடைத்துப் போகாமல், மேலும் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். அவர்களுடைய நூலை வாங்கிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவது அப்போதுதான்.

அதே நிலையத்தில் நண்பகலில் அலிசன் ஸ்டூவர்ட் நடத்தும் நிகழ்ச்சி இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. நியூயார்க் பொது நூலகத்தோடு சேர்ந்து மாதம் ஒரு நூலைத் தேர்ந்தெடுத்து, நூலக அட்டை வைத்திருப்பவர்கள் அதன் மின்னூலைக் காத்திருக்காமல் இரவல் பெற ஏற்பாடு செய்தார்கள். மாத இறுதியில் நூலாசிரியரோடு ஓர் உரையாடல், வாசகர்களின் கேள்விகள், கூடவே ஓர் இசைக் கலைஞரின் பாட்டு. கொரோனா ஊரடங்கில் மக்கள் வீட்டுக்குள் முடங்கியபோது இது இணையவழியில் தொடர்ந்தது. ஒரு நகரத்தில் ஒரே மாதத்தில் ஒரே புத்தகத்தைப் பலர் படிக்கிறார்கள், அதைப் பற்றி வானொலியில் பேசுகிறார்கள் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி. நம் மாவட்ட மைய நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் இருக்கும் ஊர்களில் உள்ளூர் வானொலியோடு இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்ய எந்தச் சட்டமும் தடையாக இல்லை. இதையாவது உடனே தொடங்கலாம்.

அமெரிக்காவில் பேச்சு வானொலி என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது இதுவன்று என்பதையும் சொல்ல வேண்டும். சர்ச்சைக்குரிய பொது விஷயங்களைப் பேசும்போது மாற்றுக் கருத்துக்கும் நியாயமான இடம் தர வேண்டும் என்று 1949 முதல் இருந்துவந்த விதியை, அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் 1987இல் கைவிட்டது. மறு ஆண்டே ரஷ் லிம்பா என்ற வலதுசாரித் தொகுப்பாளரின் நிகழ்ச்சி நியூயார்க்கிலிருந்து நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கியது. 1996 தகவல் தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை வானொலி நிலையங்கள் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை நீக்கியது. சில ஆண்டுகளில் கிளியர் சானல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் 1,200க்கு மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. ஊர்தோறும் இருந்த தொகுப்பாளர்கள் வேலை இழந்தார்கள். எங்கோ ஓர் அறையில் ஒருவர் பேசுவதே எல்லா ஊர்களிலும் ஒலித்தது. நாடு முழுவதற்கும் பேசுகிறவருக்கு உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைப் பற்றியோ குடிநீர்க் குழாயைப் பற்றியோ பேச வழியில்லை. எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்கக்கூடியது கோபம் ஒன்றுதான். அதையே அவர்கள் நாள்தோறும் ஒலிபரப்பினார்கள்.

வடக்கு டகோட்டா மாநிலத்தில் மைனாட் என்ற ஊரில் 2002 ஜனவரி 18 அதிகாலையில் சரக்கு ரயில் தடம் புரண்டு, நீரற்ற அம்மோனியா வாயு ஊருக்குள் பரவியது. ஒருவர் உயிரிழந்தார், ஏராளமானோர் பாதிக்கப்பட்டனர். அந்த ஊரின் ஆறு வணிக வானொலி நிலையங்களும் கிளியர் சானலுக்கே சொந்தமாக இருந்தன. எச்சரிக்கை ஒலிபரப்ப வேண்டிக் காவல் துறையினர் தொடர்புகொண்டபோது எடுத்துப் பேச ஆள் கிடைக்கவில்லை என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. அவசர எச்சரிக்கைக் கருவியைக் காவல் துறையினர் முறையாகப் பயன்படுத்தாததே காரணம் என்று நிறுவனத் தரப்பில் மறுத்தார்கள். எந்தத் தரப்பின் குற்றம் எவ்வளவு என்பதை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. ஆறு நிலையங்கள் இருந்த ஊரில் அந்த இரவில் ஊருக்குப் பேச வானொலி இல்லை.

இந்த ஊர்ப் பேச்சு அமெரிக்காவிலேயே இப்போது நெருக்கடியில் இருக்கிறது. 1967 சட்டத்தின்படி பொது ஒலிபரப்புக்கு நடுவண் அரசு தந்துவந்த நிதியில், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை 2025 ஜூலையில் நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. நியூயார்க் போன்ற பெருநகர நிலையங்களுக்கு நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். அலாஸ்காவின் பெத்தெல் ஊரிலிருந்து ஆங்கிலத்திலும் யூபிக் மொழியிலும் ஒலிபரப்பும் நிலையம் போன்றவற்றுக்கு அந்த நிதியே முதுகெலும்பாக இருந்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். வானொலிப் பேச்சு நமக்குப் புதிதன்று. 1960களில் ஆடுதுறை 27 நெல் ரகத்தைத் திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பு வழியாக அறிந்து பயிரிட்ட தஞ்சை உழவர்கள், அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்தார்கள். வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு, ஓர் ஊர் அளவில் ஒலிக்கும் சமுதாய வானொலி நடத்த அனுமதி கிடைத்து, 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை தொடங்கியது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி விரிந்தது. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. அருமையான விதி. அதே விதித் தொகுப்பில், செய்தி, நடப்பு நிகழ்வுகள் தொடர்பான நிகழ்ச்சிகளையும் அரசியல் தன்மை உடைய நிகழ்ச்சிகளையும் ஒலிபரப்பக் கூடாது என்ற பிரிவும் இருக்கிறது. பின்னர் அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்புச் செய்யவும், வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, உள்ளூர் நிர்வாகம் தரும் மின்சார, குடிநீர் அறிவிப்பு ஆகியவற்றைச் சொல்லவும் வழி செய்தார்கள். 2024இல் விதிகள் திருத்தப்பட்டு, மணிக்கு ஏழு நிமிடமாக இருந்த விளம்பர நேரம் பன்னிரண்டு நிமிடமாக உயர்ந்தது. செய்தித் தடை நீங்கவில்லை.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். நாளை காலை பத்து மணி முதல் இரண்டு மணி வரை குடிநீர் வராது என்று நகராட்சி தரும் அறிவிப்பை உள்ளூர் வானொலி படிக்கலாம். ஏன் வரவில்லை, குழாய் மாற்றுவதற்கு ஒதுக்கிய பணம் என்னவாயிற்று என்று நகர்மன்ற உறுப்பினரை அழைத்துக் கேட்டால் அது விதிக்குப் புறம்பாகிவிடலாம். பாம்பனில் மீனவர்களுக்காக 2016இல் தொடங்கிய கடல் ஓசை வானொலி, காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் சொல்லிக் கடலோர மக்களுக்கு அரிய தொண்டு செய்கிறது. ஆனால் அந்தத் தீவின் வீடுகளில் அன்றாடம் பேசப்படும் விஷயம் எல்லை தாண்டியதாகக் கைது செய்யப்படும் மீனவர்களும் பறிமுதலாகும் படகுகளும் அல்லவா? விதியைக் கறாராக வாசித்தால், அந்த ஊரின் வானொலி அந்த ஊரின் முதன்மைக் கவலையைப் பற்றி நேயர்களோடு விவாதிக்க முடியாது. நூற்றுக்கணக்கான தொலைக்காட்சி அலைவரிசைகள் நாள் முழுவதும் அரசியல் பேசலாம், செய்தித்தாள் எழுதலாம், கைப்பேசி வைத்திருக்கும் எவரும் காணொளி வெளியிடலாம். சில கிலோமீட்டர் தொலைவுக்கு மட்டும் கேட்கும், பெரும்பாலும் 100 வாட் ஆற்றலைத் தாண்டாத ஊர் வானொலிக்குத் தடை என்பதற்கு நியாயமான காரணம் ஒன்றையும் என்னால் காண முடியவில்லை. இந்தத் தடையை எதிர்த்து காமன் காஸ் என்ற பொதுநல அமைப்பு 2013இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது.

அரசியல் பேச விட்டால் கட்சிகள் கைப்பற்றிவிடும் என்ற வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. நம் தொலைக்காட்சிகள் பெரும்பாலும் யார் யார் கையில் இருக்கின்றன என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் சமுதாய வானொலி உரிமம் அரசியல் கட்சிகளுக்கும் அவற்றின் துணை அமைப்புகளுக்கும் கிடையாது என்று விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. மேலும், ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்தால் மற்ற வேட்பாளர்களுக்கும் அதே அளவு வாய்ப்பு தர வேண்டும் என்ற விதி அமெரிக்காவின் 1934 தகவல் தொடர்புச் சட்டத்தில் இருக்கிறது; அதைப் போன்ற ஒன்றை எழுதிக்கொள்வது கடினமன்று. ஒலிப்பதிவுகளைக் குறிப்பிட்ட காலம் பாதுகாத்து வைக்கும் கடமையும் நம் நிலையங்களுக்கு உண்டு. யார் என்ன பேசினார் என்பதைச் சரிபார்க்கலாம்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகளின் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் மக்கள் தவிக்கும்போது, அந்தத் தனி அலுவலரை ஒரு மணி நேரம் வானொலி அறைக்கு அழைத்துத் தொலைபேசியைத் திறந்துவைக்கும் நிலையம் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் அவர் பதில் சொல்லட்டும். அடுத்த அரை மணி நேரத்தில் அந்த ஊர் நூலகத்தில் அந்த மாதம் எல்லோரும் படித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றிப் பேசட்டும். அதற்கு முதலில் நீக்க வேண்டியது ஒரே ஒரு பிரிவு. சமுதாய வானொலி நடத்துகிறவர்கள் அமைச்சகத்தோடு நடக்கும் கூட்டங்களில் விளம்பர நேரத்தையும் உரிமக் காலத்தையும் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதையும் கேட்க வேண்டும். கேட்கும்போது நேயர்களின் கையொப்பத்தோடு கேட்க வேண்டும்.